எண்ணும் எழுத்தும் இடம் மாறும்போது

சில ஆண்டுகளுக்கு முன் நமது கல்லூரியில் தமிழ் இலக்கிய மாணவர்களுக்குக் கணினிப் பயிற்சி ஒன்று நடந்தது. பாடம் நடத்தியவர் கணினித் துறைப் பேராசிரியர். மேற்பார்வைக்கென அனுப்பப்பட்ட நாம் கடைசி வரிசையில் அமர்ந்து மாணவரோடு மாணவராகக் கற்றுக்கொண்டிருந்தோம். பைத்தான் என்னும் நிரல்மொழியில், இரண்டு தாள்களின் மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் சிறு நிரல் எழுதுவதே அன்றைய வேலை. நமக்கு முன்னால் இருந்த மாணவி 45 என்றும் 38 என்றும் தட்டெழுதினார். விடையாகத் திரையில் வந்தது 4538.

“ஐயா, கூட்டச் சொன்னா ஒட்டி வெச்சிருக்குது” என்றார் அவர்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. விசைப்பலகை வழியே வருவது எதுவாயினும் அதைப் பைத்தான் எழுத்துக்களின் சரமாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு சரங்களுக்கு இடையே கூட்டல் குறியை இட்டால் அவற்றை அடுத்தடுத்து வைத்துவிடுகிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. இயந்திரம் கூட்டலுக்குப் பதிலாகப் புணர்ச்சியைச் செய்திருக்கிறது. தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியல் எண்ணுப்பெயர்கள் புணரும் முறையை விரிவாகப் பேசுகிறது. பத்தும் மூன்றும் சேர்ந்தால் பதின்மூன்று. அங்கே மதிப்புகள் கூடுகின்றன. மூன்றும் பத்தும் சேர்ந்தால் முப்பது. அங்கே மதிப்புகள் பெருகுகின்றன. சொற்கள் சேர்வது ஒன்று, அவை குறிக்கும் அளவுகள் சேர்வது வேறு என்பதை நம் மொழி பேசுகிறவர்கள் யோசிக்காமலே அறிந்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு அதை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

‘இன்ட்’ என்ற சொல்லை முன்னால் இட்டு, உள்ளே வந்த சரத்தை முழு எண்ணாக மாற்றிக்கொள்ளும்படி பேராசிரியர் சொன்னார். மாணவி அப்படியே செய்தார், 83 வந்தது. வகுப்பு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டது. நமக்கு மட்டும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. ஒரு வகையைச் சேர்ந்த மதிப்பை இன்னொரு வகைக்கு மாற்றும் இந்தச் சிறு செயலுக்கு அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பதையும், அதில் உயிரிழப்பும் உண்டு என்பதையும் பின்னர்ப் படித்து அறிந்தோம். அதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

*

கணினியின் நினைவகத்தில் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. இருப்பவை 0, 1 என்ற இரு நிலைகளின் வரிசைகள் மட்டுமே. அந்த இருமக் குறி ஒவ்வொன்றையும் பிட் என்கிறார்கள். எந்த வரிசையை எப்படிப் படிப்பது என்ற உடன்பாடே தரவு வகை எனப்படுவது. 1963இல் வெளியான ஆஸ்கி என்ற குறியீட்டு முறையில் ‘5’ என்ற எழுத்துக்குரிய எண் 53. ஆக, 5 என்ற அளவும் ‘5’ என்ற எழுத்தும் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அவை ஒட்டுறவற்ற இரண்டு பொருள்கள்.

எண்களுக்குள்ளும் சாதிகள் உண்டு. முழு எண் ஒரு வகை. புள்ளி வைத்த எண் இன்னொரு வகை. எண்ணின் அளவுக்கேற்பப் புள்ளி இடம்பெயர்வதால் அதை மிதவை எண் என்பர். 1954இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய 704 என்ற கணினி மிதவை எண்களை வன்பொருளிலேயே கையாள வல்லது. அதற்காக ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு உருவாக்கி 1957இல் வெளியிட்ட நிரல்மொழிதான் ஃபோர்ட்ரான். அம்மொழியில் மாறி ஒன்றின் வகையை அதன் பெயரின் முதலெழுத்தே தீர்மானித்தது. ஆங்கில நெடுங்கணக்கின் ஐ முதல் என் வரையிலான ஆறு எழுத்துக்களுள் ஒன்றில் தொடங்கினால் முழு எண். வேறெதில் தொடங்கினாலும் மிதவை எண். ஒரே கோவையில் இரு வகையையும் கலப்பதற்குப் பொதுவாக இடமில்லை. ஆனால் மிதவையாகக் கணித்த விடையை முழு எண் மாறியில் இட்டுவைக்கலாம். அப்போது புள்ளிக்குப் பின்னுள்ளது சத்தமில்லாமல் வெட்டப்படும். 3.9 என்பது 3 ஆகும். வகைமாற்றத்தின் முதல் பாடம் இதுவே: மதிப்பு புதிய பாத்திரத்தில் கொள்ளாவிட்டால் மிஞ்சியது கீழே போகும்.

இதற்குப் பின் வந்த மொழிகள் இந்தச் சிக்கலுக்கு வெவ்வேறு விடைகளைக் கண்டன. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக் என்ற மொழியை உருவாக்கினர். கலை, இலக்கியம் பயிலும் மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆகவே முழு எண், மிதவை எண் என்ற வேறுபாட்டையே அவர்கள் மாணவர் கண்ணில் காட்டவில்லை. எண் என்றால் எண், அவ்வளவுதான். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழி எதிர்த்திசையில் சென்றது. முழு எண்ணை மிதவையாக்க அது தடை சொல்லவில்லை. மிதவையை முழு எண்ணாக்க வேண்டுமென்றால் வெட்டுவதா, அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்குவதா என்பதை நிரலர் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னோடியான பி மொழியில் வகைகளே கிடையாது. நினைவகத்தின் ஒரு சொல் எதுவாகவும் இருக்கலாம். சி மொழியில் வகைகள் வந்தன, ஆனால் அவற்றுக்கிடையே போக்குவரத்து தாராளமாக இருந்தது. பெரியதைச் சிறியதில் இட்டால் அது கேள்வி கேட்பதில்லை. நிரலருக்குத் தெரியும் என்று நம்பிவிடும்.

நம்பிக்கையா, கண்டிப்பா என்ற இந்த வழக்கில் கண்டிப்பின் உச்சமாக வந்தது ஆடா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ழான் இக்பியா தலைமையிலான குழு வடிவமைத்த மொழி இது. கவிஞர் பைரனின் மகளும் முதல் நிரலர் எனப் போற்றப்படுபவருமான ஆடா லவ்லேஸின் பெயர் தாங்கியது. 1983இல் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் வகைமாற்றம் எதுவும் தானாக நிகழாது. எழுதிக் கேட்க வேண்டும். மாற்றிய மதிப்பு புதிய வகையில் அடங்காவிட்டால், அது தவறான எண்ணைத் தந்து நழுவாமல் பிழை என்று உரக்கக் கூவும். இவ்வளவு காவலுக்குப் பிறகு விபத்துக்கு இடமேது என்றுதான் தோன்றும். ஆனால் அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்த இரு விபத்துக்களுள் ஒன்று இந்த ஆடா மொழியில் எழுதிய நிரலில்தான் நேர்ந்தது.

*

முதலாவது 1991 பிப்ரவரி 25இல், வளைகுடாப் போரின் இறுதி நாட்களில் நடந்தது. இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்று சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மேல் விழுந்தது. 28 பேர் மாண்டனர். அவர்களுள் 13 பேர் பென்சில்வேனியாவிலிருந்து வந்திருந்த குடிநீர் சுத்திகரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள். ஸ்கட்டை வானிலேயே தடுப்பதற்கென நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணை ஏவப்படவே இல்லை. எதிரி ஏவுகணை அடுத்த நொடியில் எங்கே இருக்கும் என்று கணித்து, அந்த இடத்தை மட்டும் அதன் ரேடார் பார்க்கும். அது பார்த்த இடத்தில் ஏவுகணை இல்லை.

காரணம் ஒரு வகைமாற்றம். பேட்ரியாட்டின் கடிகாரம் காலத்தைப் பத்தில் ஒரு நொடி என்ற கணக்கில் முழு எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். கணிப்புக்கு அதை நொடியாக, அதாவது புள்ளி எண்ணாக, மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு 1/10ஆல் பெருக்கினார்கள். இங்கேதான் சிக்கல். நம் பழைய கணக்கில் 1/10 என்பது இருமா. மா என்பது 1/20 ஆதலால் இரண்டு மா சரியாக 1/10 ஆகிவிடும். முந்திரி என்ற 1/320 வரை இறங்கிச் சென்றாலும் மீதமின்றி 32 முந்திரி. மூன்றில் ஒரு பங்கை அப்படி முந்திரிகளாகப் பிரிக்க இயலாது, மீதி நிற்கும். நம் முந்திரிக்கு மூன்றில் ஒன்று எப்படியோ, இருமக் கணினிக்குப் பத்தில் ஒன்று அப்படி. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக மட்டுமே பிரிக்கத் தெரிந்த இயந்திரத்துக்குப் பத்தில் ஒன்று முடிவில்லாத தொடர். பேட்ரியாட் கணினியில் அதற்குக் கிடைத்த இடம் 24 பிட். எஞ்சியது வெட்டப்பட்டது.

வெட்டுப்பட்ட அளவு ஏறத்தாழ 0.000000095. இதற்கென்ன என்று தள்ளிவிடத்தக்க அளவுதான். ஆனால் தஹ்ரானில் இருந்த அந்தப் பிரிவு 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் இயங்கிக்கொண்டிருந்தது. 100 மணி நேரம் என்றால் 36,00,000 பத்திலொரு நொடிகள். பெருக்கிப் பார்த்தால் பிழை ஏறத்தாழ 0.34 நொடி. ஸ்கட்டின் வேகம் நொடிக்கு 1600 மீட்டருக்கு மேல், அந்த 0.34 நொடிக்குள் அது அரை கிலோமீட்டருக்கும் அதிகமாகக் கடந்துவிடும்.

பேட்ரியாட்டை வடிவமைத்தவர்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். ஐரோப்பாவில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு தடவைக்குச் சில மணி நேரம் மட்டுமே இயங்கும் என்ற எண்ணத்தில் செய்த கருவி அது. சில மணி நேரத்துக்கு 24 பிட் போதும். பாலைவனத்தில் அதே இடத்தில் நாள்கணக்கில் இயங்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பிழை முன்பே தெரிந்தும் இருந்தது. இஸ்ரேலியர் பிப்ரவரி 11 அன்றே தகவல் தந்தனர். பிப்ரவரி 21இல், மிக நீண்ட நேரம் தொடர்ந்து இயக்கினால் குறி பிசகும் என்று பயனாளர்களுக்குச் செய்தி போனது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் சொல்லவில்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானை அடைந்த நாள் பிப்ரவரி 26. ஏவுகணை விழுந்ததற்கு மறுநாள்.

*

இரண்டாவது விபத்தில் உயிரிழப்பு இல்லை. 1996 ஜூன் 4 அன்று காலை தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. பூமியின் காந்தப்புலத்தை ஆராய்வதற்கான க்ளஸ்டர் செயற்கைக்கோள்கள் நான்கும் அதில் இருந்தன. ஏறத்தாழ 37 நொடி எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ராக்கெட் திடீரெனத் தன் பாதையிலிருந்து திரும்பியது. காற்றின் அழுத்தம் தாளாமல் உடையத் தொடங்கித் தன்னைத் தானே வெடித்துக்கொண்டது. சதுப்பு நிலமெங்கும் சிதறிய துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார்கள்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலை 19இல் அறிக்கை தந்தது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் அறிந்து சொல்லும் கருவியில், கிடைவாக்கு வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு 64 பிட் மிதவை எண்ணாக இருந்தது. அதை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வரி ஒன்று நிரலில் உண்டு. குறியுடன் கூடிய 16 பிட் முழு எண்ணில் அடங்கக்கூடிய பேரெண் 32,767. அன்று வந்த மதிப்பு அதைத் தாண்டியது. ஆடா தன் இயல்புப்படி உரக்கக் கூவியது. கூவலைக் கேட்டுப் பதில் செய்யும் ஏற்பாடு அந்த வரிக்கு இல்லை. கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. அவசரத்துக்கென வைத்திருந்த இரண்டாவது கருவியும் அதே நிரலையே கொண்டிருந்ததால், முதன்மைக் கருவிக்குச் சற்று முன்னதாகவே அதே காரணத்தால் நின்றுபோயிருந்தது.

அந்தக் காவல் ஏன் இல்லை என்ற கேள்விக்கான விடைதான் நம்மை வெகுநேரம் யோசிக்க வைத்தது. இத்தகைய ஆபத்துள்ள ஏழு மாறிகளை நிரலர்கள் முன்பே இனங்கண்டிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. ஆகவே நான்குக்குக் காவல் இட்டு, மூன்றை அப்படியே விட்டார்கள். அந்த மூன்றும் எல்லை மீற வாய்ப்பில்லை என்பது அவர்கள் முடிவு. ஏரியான் 4 ராக்கெட்டைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. அதில் எல்லை மீறவும் இல்லை. அந்த நிரல் மாற்றமின்றி ஏரியான் 5க்கு எடுத்துவரப்பட்டது. புதிய ராக்கெட்டோ தொடக்கத்திலேயே பழையதைவிட மிக அதிகமான கிடைவாக்கு வேகம் கொள்வது. இத்தனைக்கும் அந்தக் கணிப்பு ஏரியான் 5க்குப் புறப்பட்ட பிறகு தேவையே இல்லை. ஏவுதல் கடைசி நொடியில் நிறுத்தப்பட்டால் விரைவாக மீண்டும் தொடங்குவதற்கென ஏரியான் 4இல் வைத்திருந்த வசதியின் எச்சம் அது. அந்த வசதியும் 1989இல் ஒரே ஒரு முறைதான் பயன்பட்டது.

இன்னொரு செய்தியும் அறிக்கையில் உண்டு. நின்றுபோன கருவி சும்மா நிற்கவில்லை. தனக்கு நேர்ந்த கோளாற்றைத் தெரிவிக்கும் குறியீட்டை முதன்மைக் கணினிக்கு அனுப்பியது. முதன்மைக் கணினி அதைப் பறப்புத் தரவு என்று படித்தது. ‘எனக்கு உடல்நலமில்லை’ என்று ஒருவர் எழுதிய சீட்டைத் திசையும் தொலைவும் குறித்த எண்ணாகப் படித்தது போல. வராத விலகலைத் திருத்துவதாக எண்ணி அது எஞ்சின் முனைகளை முழுமையாகத் திருப்ப, ராக்கெட் முறிந்தது.

*

ஆடாவின் கண்டிப்பும் காப்பாற்றவில்லை என்றால் கண்டிப்பினால் என்ன பயன் என்று கேட்கலாம். மொழி தன் கடமையைச் செய்தது என்பதே நம் எண்ணம். ஒவ்வொரு வகைமாற்றமும் ஒரு வாக்குறுதி; இந்த மதிப்பு இந்தப் பாத்திரத்தில் அடங்கும் என்று நிரலர் தரும் வாக்கு. அந்த வாக்குக்குப் பின்னால் உலகத்தைப் பற்றிய ஓர் அனுமானம் இருக்கிறது: இக்கருவி சில மணி நேரமே ஓடும், இந்த ராக்கெட் இவ்வளவுதான் விரையும் என்பது போல. நிரல் வேறிடத்துக்குக் குடிபெயரும்போது வாக்கு கூடவே போகிறது. அனுமானம் பழைய ஊரிலேயே தங்கிவிடுகிறது. எந்த மொழியாலும் அதை எழுதியவர் மனத்திலிருந்து பிடித்துவர முடியாது. எழுதியவரோ, எடுத்து ஆள்பவரோதான் கேட்க வேண்டும்.

கேட்கும் பழக்கம் முதல் வகுப்பிலேயே தொடங்கலாம். 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘5’ என்ற எழுத்தோடு 3 என்ற எண்ணைக் கூட்டினால் 53 என்ற சரம் வரும். அதே எழுத்திலிருந்து 3ஐக் கழித்தால் 2 என்ற எண் வரும். கேட்காமலே உதவி செய்யும் மொழி அது. பைத்தான் அவ்வாறு செய்யாது. எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் மறுத்துவிடும். இரண்டுமே எழுத்தானால் மட்டும் நம் மாணவிக்குச் செய்தது போல ஒட்டித் தரும்.

அன்றைய வகுப்புக்குப் பிறகு நாமும் ஒரு சோதனை செய்து பார்த்தோம். தமிழ் இலக்கங்களில் ‘௧௨’ என்று எழுதி முழு எண்ணாக மாற்றச் சொன்னோம். பைத்தான் தயங்காமல் 12 என்றது, உள்ளம் குளிர்ந்தது. அடுத்து, ஏடுகளில் உள்ள பழைய முறைப்படி ‘௰௨’ என்று எழுதினோம். இது மதிப்பே அன்று என்று பிழை காட்டி நின்றது. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் கொண்ட பழைய முறையில் சுழிக்குத் தேவை இருக்கவில்லை. தமிழ்ச் சுழிக்கு யூனிகோடில் இடம் கிடைத்தது 2005இல்தான். இடமதிப்பு முறையில் எழுதிய தமிழ் எண்ணைக் கணினி அறிகிறது. நம் முன்னோர் எழுதியவாறு எழுதினால் அதற்கு எழுத்தாக மட்டுமே தெரிகிறது. இரண்டும் பன்னிரண்டுதான் என்று சொல்லித்தர ஒருவர் உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும்.

கூரூவில் சிதறிய செயற்கைக்கோள்களுக்கு ஈடாக நான்கு புதியவற்றைச் செய்து 2000ஆம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் பைக்கனூர் தளத்திலிருந்து சோயூஸ் ராக்கெட்டுகளில் அனுப்பினார்கள். ஏரியான் 5உம் மீண்டெழுந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 2021 டிசம்பர் 25இல் சுமந்து சென்றது அதுவே. 2023 ஜூலையில் தன் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. தஹ்ரானில் இழந்ததற்கு ஈடு செய்ய எதுவும் இல்லை.

பயிற்சியின் கடைசி நாளில் அந்த மாணவி தம் மதிப்பெண் நிரலை வகுப்பு முழுமைக்குமாக விரித்து எழுதியிருந்தார். “தேர்வுக்கு வராதவருக்கு எதைத் தட்டுவீர்கள் அம்மா?” என்று கேட்டோம். ‘வரவில்லை’ என்று தட்டினார். எண்ணாக மாற்ற முடியாமல் நிரல் நின்றது. சற்று யோசித்து, எண்ணாக மாறாத எதையும் 0 என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்தார். நிரல் ஓடியது. வகுப்பின் சராசரியும் வந்தது.

பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் தாமாகவே சொன்னார்: “எழுதி சுழி வாங்குனவங்களும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு வராதவங்களும் இதுல ஒண்ணா ஆயிடறாங்களே ஐயா.”

அந்த வரியை அழித்துவிட்டு, வராதவர்களுக்கெனத் தனியே ஒரு பட்டியல் வைத்துக்கொண்டார். நிரல் நீண்டுவிட்டது. மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் உட்கார்ந்து அதை எழுதி முடித்தார்.